மூன்று சகன் ஊர்

கொண்டல்குளத்தில் பெண்களே இல்லை என்று அரசாங்கம் எழுதி வைத்திருந்தது. முசலிக் கரையில், சிலாவத்துறையிலிருந்து விடியலில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர் அது. குடிசனம் பதினெட்டு. ஆண் பதினெட்டு. பெண் இல்லை, குழந்தை இல்லை. அந்தப் பதினெட்டு ஆண்களும் எந்த வழியால் உலகத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடம் விடப்படவில்லை. ஆகவே அதைப் பற்றி யாரும் கவலைப்படவுமில்லை.

கவலைப்பட்டவள் சித்தி மரியம் ஒருத்திதான். ஐம்பது வயதைத் தாண்டியவள். பதினாலு வயதில் அந்த ஊரிலேயே மரைக்கார் வீட்டு மூத்த மருமகளாகிப் போய், மாமியாரிடம் மருத்துவம் பழகியவள். நாலு பெற்று மூன்றைக் கபுறடி மண்ணுக்குக் கொடுத்தவள். கணவரையும் நாலு வருடத்துக்கு முன் அங்கேதான் அனுப்பி வைத்தாள். ஊரில் பிள்ளை பிறந்தால் எடுப்பவளும் அவள், பெண்கள் மௌத்தானால் கடைசியாகக் குளிப்பாட்டுபவளும் அவள். கொண்டல்குளத்துக்கு ஒரு படலை இருந்ததென்றால் அதைத் திறப்பதும் சாத்துவதும் அவள் கைதான். தனக்குத் தெரியாமல் தன்னுடைய படலைக்குள் பாதி ஊரை யாரோ இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்றால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்?

செய்தியைக் கொண்டுவந்தவர், அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அரசாங்கக் கணக்குப் பார்க்கிற கனகரத்தினம் விதானையார். ஏழாம் எட்வேர்ட் அரசர் பட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முந்திய மாரியில் கொண்டல்குளத்தின் கட்டு நடுவாலே உடைந்து, தண்ணீர் முழுவதும் ஒரே இரவில் கடலுக்குப் போய்விட்டது. குளம் கட்டித் தரும்படி ஊரவர்கள் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அதற்கான மறுமொழியைத்தான் விதானையார் குடையின் கீழ் நின்று பள்ளிவாசல் முன்னால் வாசித்தார். ஆண்கள் சுற்றி நின்றார்கள். பெண்கள் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

ஐம்பது பேருக்குக் குறைந்த ஊருக்குக் குளம் கட்டுவதில்லை. பதினெட்டுப் பேருக்காக அவ்வளவு மண் அள்ள முடியாது. ஆகவே கொண்டல்குளம் ஊர்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்படும், குடிகள் அடுத்த மாரிக்கு முன் வேறு ஊருக்குப் போய் இருந்துகொள்ள வேண்டும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"விதானையார், அந்தப் பதினெட்டில நான் ஆர்?"

விதானையார் குடையைச் சரித்து வேலியைப் பார்த்தார். "நீங்கள் அதில இல்லை, உம்மா."

"நான் இல்லையெண்டால் இப்ப உங்களோட கதைக்கிறது ஆர்?"

ஆண்களுக்கு நடுவில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

கணக்கு எப்படிப் பதினெட்டு ஆனது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. பிசகு வந்தது மரியாதையால். எண்ண வந்த அன்று விதானையார், பெண்கள் இருக்கும் வீடுகளுக்குள் போகக்கூடாது என்ற மரியாதையில், பள்ளிவாசல் முற்றத்திலேயே இருந்துகொண்டார். பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார் ஹலீம், மனிதரைத் தலை தலையாக எண்ணிச் சொன்னால் கண்ணூறு படும் என்ற பயத்தில், ஊர் வழக்கப்படி மறுமொழி சொன்னார். கொண்டல்குளத்தில் கந்தூரியானாலும் கலியாணமானாலும் ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். பெரிய தட்டு ஒன்று, நடுவில் சோறு, சுற்றிவர ஆறு வலது கை. ஊரில் எவ்வளவு பேர் என்று கேட்டால் யாரும் எண் சொல்வதில்லை.

"மூண்டு சகன்," என்றார் ஹலீம்.

விதானையார் சைவக்காரர். ஆனாலும் முசலிப் பக்கம் பத்து வருடம் உத்தியோகம் பார்த்தவர். சகனுக்கு ஆறு என்பது அவருக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. மூவாறு பதினெட்டு என்று அந்த இடத்திலேயே படிவத்தின் முதல் கட்டத்தில், ஆண் என்ற கட்டத்தில், எழுதிக்கொண்டார்; பெண்ணின் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அந்தச் சகன்களில் இருப்பது ஆண்கள் மட்டும், பெண்களும் சிறுசுகளும் பிறகு அடுக்களைப் பக்கத்தில் சட்டியோடு சாப்பிடுவார்கள் என்பதை அவர் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு பிரிந்தார்கள்.

அதே வருடம் மாசி, பங்குனியில் பக்கத்து மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த குளிப்பு. வெறும் மணலில் ஒரு பட்டணமே முளைத்தது. சிப்பிகளைக் கோட்டு என்ற வேலியடைப்புக்குள் குவித்து, அரசாங்கத்தின் பங்கு குறையாதபடி ஒன்றொன்றாக எண்ணினார்கள். ஒரு சிப்பியைக்கூட அவர்கள் தவற விடவில்லை. சிப்பிகள் முட்டாக்குப் போடுவதில்லை, வேலிக்குப் பின்னால் நிற்பதுமில்லை. எண்ணுவதற்கு மிகவும் வசதியான சனங்கள்.

"இனி என்ன செய்யலாம்?" என்று ஹலீம் விதானையாரைக் கேட்டார்.

"அடுத்த மாதம் துரை சுற்றிப் பார்க்க இந்த வழியால வருவார். ஐம்பது பேரை நேரில காட்டினால் திருத்தி எழுதுவிக்கலாம். நாற்பத்தொன்பது எண்டாலும் சரிவராது. நான் சொல்லிப்போட்டன்."

விதானையார் போன பிறகு ஆண்கள் பூவரசமரத்தின் கீழ் இருந்து யோசித்தார்கள். கொண்டல்குளத்து ஆண்கள் யோசிப்பதில் கெட்டிக்காரர்கள். சித்தி மரியம் அதற்குக் காத்திருக்கவில்லை. வீட்டிலிருந்த பழப்புளிப் பானையில் கையை விட்டு ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு முதலாம் வீட்டுக்குப் போனாள்.

ஒரு ஆளுக்கு ஒரு கொட்டை. எண்ணைச் சொல்லத் தேவையில்லை, கண்ணூறும் படாது. ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அறிவது அவள் நினைத்தது போல இலகுவாக இருக்கவில்லை. ஒரு வீட்டில் மருமகளை விட்டுவிட்டார்கள். அவள் அடுத்த வருடம் தாய்வீட்டுக்குப் போகக்கூடுமாம். இன்னொரு வீட்டில் நாற்பது நாள் ஆகாத குழந்தையைச் சொல்லவில்லை. "அது இன்னும் ஊராளாகேல்லையே, மாமி" என்றாள் தாய். "நேற்று ராவு முழுக்க ஊரை எழுப்பினது ஆர் பிறகு?" என்று கேட்டுச் சித்தி மரியம் ஒரு கொட்டையைப் போட்டாள்.

ஜவாஹிரின் வீட்டில்தான் அதிக நேரம் போனது. ஜவாஹிருக்கு இங்கே ஒரு மனைவி, சிலாவத்துறையில் ஒரு மனைவி. இங்கே கேட்டால் அங்கே என்றாள். அங்கிருந்து வந்த மீன்காரனைக் கேட்டால் இங்கே என்றான். இரண்டு வீட்டிலும் இல்லாமல் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற அந்த மனிதரைக் கடற்கரையில் தோணியின் நிழலில் நித்திரையாகக் கண்டுபிடித்தாள்.

"எழும்படா ஜவாஹிர். நீ எந்த ஊர்?"

"ஏன் மாமி, ஆர் கேட்டது?" என்று பதறி எழுந்தான் அவன்.

"அரசாங்கம் கேக்குது."

"அப்ப இந்த ஊர்தான்," என்றான் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்து, "சிலாவத்துறையாளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றான்.

மூன்றாம் நாள் பின்னேரம் முடிச்சை அவிழ்த்து லெப்பை காமிலின் முன்னால் கொட்டினாள். எழுத்தும் கணக்கும் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். இளைஞர், பயந்த சுபாவம். பிஸ்மி சொல்லி, கொட்டைகளை ஆறு ஆறாகப் பிரித்து எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

"நாற்பத்தாறு, மாமி."

"வடிவாப் பாருங்கோ."

"நாலு குறையுது."

நாலு குறைகிறது என்ற செய்தி பூவரசமரத்தடிக்குப் போனது. யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஒருவர், சித்தி மரியத்தின் மகள் நசீறா எட்டு மாதக் கர்ப்பிணி என்பதை ஞாபகப்படுத்தினார். "நாலையும் ஒரேயடியாப் பெற அவள் என்ன ஆடா?" என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் ஹலீம் ஒரு வழி கண்டுபிடித்தார். சிலாவத்துறையிலிருந்து நாலு பேரை அன்றைக்கு மட்டும் இரவல் எடுப்பது.

அன்று மாலை ஹலீம் இதை மதினியிடம் சொல்ல வந்தார். சித்தி மரியம் அவர் காக்கா என்று கூப்பிட்ட அண்ணனின் மனைவி. அதனால் வேலிக்கு வெளியே நின்று பேசலாம்.

"கலியாண வீட்டுக்கு இரவல் கதிரை எடுக்கலாம், மச்சான். இரவல் ஆளை எங்க கொண்டுபோய் இருத்துறது? விதானையாருக்கு முசலியில ஒவ்வொரு தாடியும் தெரியும்."

"அப்ப வேற வழி சொல்லுங்கோ மதினி."

"வழி உங்களுக்கும் தெரியும்," என்றாள் அவள். "குளத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சு பேர் இருக்கினம்."

ஹலீமின் முகம் இறுகியது. "அந்தப் பேரை என்ர முன்னால எடுக்க வேண்டாம்."

"நான் பேரை எடுக்கேல்லை. எண்ணைத்தான் சொன்னனான்."

அந்தப் பேர் அபூசாலி. சித்தி மரியத்தின் ஒரே தம்பி. சங்குத் தோணிகளில் முன்னணியில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் பாறைத்திட்டு இருக்கும் இடம் சொல்கிறவன். முசலிக் கரையில் அவன் கண்ணுக்கு மிஞ்சிய கண் இல்லை என்பார்கள். அந்தக் கண்ணால்தான் அவனுக்குக் கேடு வந்தது. பதினொரு வருடத்துக்கு முன், இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு, குளக்கட்டில் நின்ற அபூசாலி பெருநாள் பிறையைக் கண்டேன் என்றான். அப்போது மரைக்காராக இருந்தவர் சித்தி மரியத்தின் கணவர். இரண்டு சாட்சி வேண்டும் என்றார். வேறு யார் கண்டது என்று மூன்று தரம் கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நிலத்தில் பிறை தெரிவதில்லை. ஊர் முப்பதாம் நோன்பு பிடித்தது. அபூசாலி பிடிக்கவில்லை. கண்ட கண்ணைப் பொய்யாக்க முடியாது என்று சொல்லி, ஊர் முழுவதும் வாய் வறண்டு கிடந்த பட்டப்பகலில் பெருநாள் சமையல் சமைத்தான். நெய்ச்சோற்று வாசம் காற்று வளத்துக்கு எல்லா வீட்டுக்குள்ளும் போனது. அதைத்தான் ஊரால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் அவனை விலக்கியது. எந்தச் சகனிலும் அவனுக்கு இடமில்லை. மனைவி பரீனாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு குளத்தின் மறுகரைக்குப் போனான். அதன் பிறகு பரீனாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அந்த இரண்டுக்கும் சித்தி மரியம் போகவில்லை. கணவர் மரைக்கார். மரைக்காரின் மனைவி விலக்கை மீறலாமா? வயல்பக்க ஊரிலிருந்து சிவலட்சுமி என்ற மருத்துவச்சி மாட்டுவண்டியில் வந்து எடுத்துவிட்டுப் போனாள். தன் தொழிலில் சித்தி மரியம் விட்ட பிழை அந்த இரண்டும்தான். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அரசாங்கம் ஊரைப் பட்டியலிலிருந்து எடுக்கப்போகிறது என்று கொதித்தவர்களில் யாருக்கும், தாங்கள் ஐந்து பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துப் பதினொரு வருடமாகிறது என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. சித்தி மரியத்துக்கு வந்தது. விடிந்ததும் உடைந்த குளத்தின் சேற்றுக்குள் இறங்கி மறுகரைக்கு நடந்தாள்.

அபூசாலி வாசலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். ராத்தாவைத் தூரத்திலேயே கண்டிருப்பான், கண்ணைப் பற்றித்தான் சொன்னோமே. ஆனால் அவள் முற்றத்துக்கு வரும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

பரீனாதான் முதலில் பேசினாள். "வாங்கோ மதினி. பதினொரு வருசமாக் கோப்பி ஆறிப்போய்க் கிடக்குது."

"சூடாக்கிக் கொண்டு வா," என்றாள் சித்தி மரியம். சேற்றுக் காலோடு அங்கேயே இருந்தாள்.

வந்த விஷயத்தைச் சொன்னாள். அபூசாலி ஒரு கண்ணியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் மறுமொழி சொன்னான்.

"ஊர் என்னை எண்ணேல்லை. இப்ப ஊரை எண்ணுறதுக்கு நான் வேணுமோ?"

"வேணும்."

"ஹலீம் மச்சான் சொன்னவரோ?"

"இல்லை. நான் சொல்லுறன்."

"நீங்க சொன்னால் காணாது ராத்தா. நான் பொய்யன் எண்டு குளக்கட்டில வைச்சுச் சொன்னவங்கள். நான் பிறை கண்டனான் எண்டு அதே கட்டில வைச்சுச் சொல்லட்டும். அஞ்சு பேரும் வாறம். இல்லாட்டி துரையென்ன, அவரின்ர ராசாவே வந்தாலும் இந்தப் பாயை விட்டு எழும்பன்."

அவள் கோப்பியைக் குடித்தாள். சின்னவன் வந்து அவளுடைய முந்தானை முடிச்சை இழுத்துப் பார்த்தான். ஐந்து வயது. இடது புருவத்தில் அவளுடைய வாப்பாவுக்கு இருந்ததுபோலப் பிறவி வெட்டு இருந்தது. பிறந்த அன்றே பார்த்திருக்க வேண்டிய முகத்தை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

"துரை வாற அண்டைக்கு விடிய, அஞ்சு பேரும் வெளுத்த உடுப்போட கட்டில வந்து நில்லுங்கோ," என்று எழுந்தாள். "சொல்ல வேண்டியதைச் சொல்லவைக்கிறது என்ர வேலை."

"ஆர் சொல்லுவான்?" என்றான் அபூசாலி.

அவள் மறுபடி சேற்றுக்குள் இறங்கினாள்.

துரை வருகிற காலையில் குளக்கட்டின் இந்தப் பக்கம் ஊர் நின்றது. அந்தப் பக்கம் ஐந்து பேர் நின்றார்கள். நடுவில் இரு கை விரித்த அளவால் ஏழு பாகம் அகலத்தில் உடைப்பு. துரையின் குதிரை இன்னும் அரைக் கட்டை தூரத்தில் இருப்பதாக விதானையாரின் ஆள் ஓடிவந்து சொன்னான். விதானையார் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மரைக்கார் இது? அந்தாக்கள் ஏன் அங்க நிக்கினம்?"

"அவங்கள் எங்கட ஊர் இல்லை," என்றார் ஹலீம்.

அப்போது சித்தி மரியம் பெண்களின் கூட்டத்தை விட்டு முன்னால் வந்தாள். முட்டாக்கை இழுத்து நெற்றிவரை விட்டிருந்தாள். ஆனால் குரலுக்கு முட்டாக்குப் போடவில்லை.

"மச்சான், அபூசாலி பிறை கண்டது மெய். நானும் கண்டனான்."

ஹலீம் அவள் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு இதே கட்டுக்குக் கீழ சட்டி கழுவிக்கொண்டு நிண்டனான். புளியமரத்துக் கொப்புக்கு மேல, நகம் வெட்டினமாதிரி நிண்டுது. உங்கட காக்கா மூண்டு தரம் கேட்டவர். எனக்குக் கேட்டுது. அவர் மரைக்கார், நான் அவற்ற பொஞ்சாதி, எழும்பிச் சொன்னால் அவருக்கு வெட்கம் எண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டனான். என்ர தம்பியைப் பொய்யனாக்கினது நீங்களில்லை. நான்."

ஹலீம் பிடித்துக்கொண்டது சட்டத்தை. "பொம்பிளையின்ர சாட்சி பெருநாள் பிறைக்குச் செல்லாது, மதினி."

"பிறைக்குச் செல்லாட்டிப் போகட்டும். என்ர தம்பிக்குச் செல்லும்."

கூட்டத்தின் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜவாஹிர். "நானும் கண்டனான் எண்டுதான் நினைக்கிறன்," என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அப்ப சின்னப்பொடியன். ஆர் கேக்கப்போகினம் எண்டு விட்டிட்டன்."

அதன்பிறகு அது சளி, இருமல் போலப் பரவியது. ஒருவர் பாதி கண்டாராம். ஒருவர் கண்டு, முகில் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாராம். கிழவர் ஒருவர், தான் முழுதாகவே கண்டதாகவும், ஆனால் பெருநாளைக்கு அறுக்கப் பேசியிருந்த கிடாய் வங்காலையிலிருந்து அன்றைக்கு வந்து சேராததால், ஒரு நாள் பிந்தினால் நல்லதுதானே என்று பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். எண்ணிப் பார்த்தால் ஏழு பேர் கண்டிருந்தார்கள். சகன் கணக்கில் ஒரு சகன் நிறைந்து ஒருவர் மிச்சம்.

"அப்ப நான் மட்டும்தான் காணேல்லையோ?" என்றார் ஹலீம். பதினொரு வருடத்தில் முதல் தரமாக அவர் குரலில் கோபம் இருக்கவில்லை, திகைப்புத்தான் இருந்தது.

"குதிரை தெரியுது!" என்று கத்தினார் விதானையார். "என்ன செய்யிறதெண்டாலும் கெதியாச் செய்யுங்கோ!"

ஹலீம் குளக்கட்டின் விளிம்புவரை போனார். மறுகரையைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மரைக்கார் பரம்பரையில் இல்லை. "அபூசாலி," என்று கூப்பிட்டார். "நீ கண்டனீ. வா."

அபூசாலி சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு உடைப்புக்குள் இறங்கினான். பின்னால் பரீனா, மூத்தவன், மகள். வெளுத்த உடுப்பு முழங்கால்வரை சேறாக, ஐந்து பேரும் இந்தப் பக்கம் ஏறிய நேரமும் துரையின் குதிரை புளியமரத்தடிக்கு வந்த நேரமும் ஒன்று.

துரை இளைஞர், சிவந்த முகம், நிறைய வியர்வை. கையில் விதானையாரின் பழைய படிவம் இருந்தது. துவிபாசி முதலியார் மொழிபெயர்த்தார். மூன்று மாதத்துக்கு முன் பதினெட்டு ஆண்கள் மட்டும் இருந்த ஊரில் இவ்வளவு பெண்களும் பிள்ளைகளும் எங்கிருந்து வந்தார்கள் என்று துரை கேட்டார். விதானையார் குடைப்பிடியை உற்றுப் பார்த்தார்.

பெண்கள் துரைக்கு முன்னால் வரமாட்டார்கள். ஆகவே ஒரு தோணிப் பாயை இரண்டு மரங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாய்க்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரும் ஒரு கையை மேலே தூக்கினார்கள். வளையல் போட்ட கை, போடாத கை, மாவு ஒட்டிய கை. துரை தடியால் சுட்டி எண்ணினார். எண்ணி முடித்துச் சந்தேகமாகச் சிரித்தார். ஒரு ஆளுக்கு இரண்டு கை இருக்கிறதே, இதை எப்படி நம்புவது என்றார்.

சித்தி மரியம் பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். துரையின் குதிரைக்கு நேரே நின்றாள்.

"துரைக்குச் சொல்லுங்கோ முதலியார். கையை எண்ண வேண்டாம். நான் ஆளைச் சொல்லுறன்."

சொன்னாள். மூத்தவர்களில் தொடங்கி, பேரும், தாயின் பேரும், பிறந்த காலமும். இது பெருவெள்ளத்து மாரியில் பிறந்தது. இது வாந்திபேதி வந்த வருடம், கொடி சுற்றி வந்தது. இது கால் முதலில் வந்தது, இன்றைக்கும் அப்படித்தான், எதிலும் முந்தி நிற்கும். பேர் சொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஒரு பக்கம் போய் நின்றார்கள், பெண்களும் முட்டாக்கை இழுத்துக்கொண்டு. ஜவாஹிர் போகும்போது பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், சிலாவத்துறையிலிருந்து யாரும் வந்திருக்கிறார்களோ என்று. துரையின் தடி நின்றுவிட்டது. அவர் பென்சிலை எடுத்திருந்தார்.

இவ்வளவும் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னார்.

"மூத்தவையை என்ர மாமி எடுத்தவ. மற்றாக்களை நான்தான் எடுத்தனான்," என்றாள்.

கடைசியாக அபூசாலியின் பிள்ளைகள். மூத்தவனைச் சொன்னாள். மற்ற இரண்டையும் கைப்பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் நின்றுவிட்டாள். சின்னவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

"இது ரெண்டும் நான் எடுக்கேல்லை," என்றாள். "பிறந்த காலம் எனக்குத் தெரியாது. தாயைக் கேட்டு எழுதட்டும். தெரியாதது என்ர பிழை, பிள்ளையளின்ர பிழையில்லை. அதையும் சொல்லுங்கோ."

முதலியார் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. துரை தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். பதினெட்டை வெட்டி, ஐம்பத்தொன்று என்று எழுதினார்.

கதையில் வருகிறதுபோல நசீறாவுக்கு அந்த இடத்தில் வலி கண்டிருந்தால் வடிவாக இருந்திருக்கும். அவள் அசையவில்லை. மூன்று கிழமை கழித்து, எந்த அவசரமும் இல்லாமல், மகளொன்றைப் பெற்றாள்.

அரசாங்கம் மதகுக்குக் கல்லும் ஒரு மேசனும் அனுப்புவதென்றும், மண்வேலையை ஊர் செய்வதென்றும் ஒழுங்காயிற்று. கல் வந்தது. மேசன் வர முந்தி மாரி வந்துவிடும் போலிருந்தது. சித்தி மரியம் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று கூடையோடு ஆளை வெளியே எடுத்தாள். அவளுக்குப் பழகிய வேலைதான். உடைப்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் மண் போட்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். ஐப்பசி முதல் மழைக்குக் கட்டு நின்றது.

கட்டு முடிந்த அன்று கந்தூரி. மூன்று சகனும் வழமைபோல நிறைந்தன. நாலாவது சகனில் அபூசாலியும் மூத்தவனும் மட்டும். அது பார்க்க நன்றாக இருக்கவில்லை. ஹலீம் தன் சகனிலிருந்து எழுந்துபோய் அங்கே இருந்தார். பிறகு லெப்பை காமில். பிறகு ஜவாஹிர், அவனுக்கு இடம் மாறிச் சாப்பிடுவது புதிதல்ல. கடைசியில் எந்தச் சகனிலும் ஆறு பேர் இல்லை, விதானையார் வந்திருந்தால் கணக்கு எடுக்கப் பெரும்பாடு பட்டிருப்பார்.

அடுத்த வருட அறிக்கையில் கொண்டல்குளத்துக்கு ஒரு வரி கிடைத்ததாம். மூன்று மாதத்தில் குடிசனம் பதினெட்டிலிருந்து ஐம்பத்தொன்றாகப் பெருகியிருக்கிறது, நல்ல காற்றும் சிறந்த நிர்வாகமும் இதற்குக் காரணமாகலாம் என்று. காமில் இதை வாசித்துக் காட்டியபோது சித்தி மரியம் பேரப்பிள்ளைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். "ஐம்பத்திரண்டு எண்டு திருத்தச் சொல்லுங்கோ," என்றாள்.

அந்த மாரியில் வந்த நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, ஊர் முழுவதும் குளக்கட்டில் நின்றது. மேற்கே மழை முகில். பெருநாளைக்கு ஹலீம் வாங்கிய கிடாய் இம்முறை ஒரு கிழமைக்கு முன்பே வங்காலையிலிருந்து வந்து, பள்ளிவாசல் பக்கத்தில் கட்டப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் வானத்தைப் பார்க்காமல் அபூசாலியைப் பார்த்தார்கள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

"தெரியேல்லை," என்றான்.

"வடிவாப் பார்," என்றார் ஹலீம். கிடாய் கத்தியது. "கொஞ்சம் வடிவாப் பாரன்."

கட்டுக்குக் கீழே, நிறைந்த தண்ணீரில் சட்டி கழுவிக்கொண்டு நின்ற சித்தி மரியம் நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் பிடித்து மேற்கே பார்த்தாள்.

"எனக்கும் தெரியேல்லை மச்சான்," என்று உரக்கச் சொன்னாள். "நாளைக்கும் நோன்பு. ஆட்டுக்குத் தண்ணி வையுங்கோ."